அண்டா எடைக்கா, விலைக்கா?

பழம்பொருள் வியாபாரியோடு கிராமத்துச் சாலைகளில் ஒரு நாள்

'எங்கள் வீட்டுப் பரணில் மாமனார் காலத்துப் பித்தளை அண்டா, மரக்கால், பழைய சாமி படம் எல்லாம் கிடக்கின்றன. பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாமா, வேறு யாரிடமாவது விற்கலாமா?' என்று கேள்வி-பதில் பகுதிக்கு வாசகி ஒருவர் எழுதியிருந்தார். நாலு வரியில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். காரைக்குடியில் பழம்பொருள் வாங்கி விற்கும் ஒருவரிடம் விசாரித்தபோது, "போன்ல சொன்னா புரியாது சார். ஒருநாள் வண்டியில ஏறுங்க" என்றார். பெயரும் படமும் வரக்கூடாது என்பது அவருடைய நிபந்தனை.

காலை ஆறரை மணிக்கு அவருடைய குட்டியானை வண்டி ராயவரம், அரிமளம் பக்கமாகக் கிளம்பியது. பின்னால் பழைய சாக்கு, கயிறு, ஒரு மின்னணுத் தராசு. அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். இரண்டு ஏக்கர் மானாவாரி நிலத்தில் கடலை போட்டு, மழை ஏமாற்றிய வருடங்களில் இந்தத் தொழிலுக்கு வந்தவர். இப்போதும் விதைப்பு நேரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு வயலுக்குப் போய்விடுகிறார். "மார்கழிதான் நமக்கு அறுவடை. போகிக்கு முன்னாடி எல்லா வீட்லயும் பரணை இறக்குவாங்க."

காரைக்குடி இந்தத் தொழிலுக்கு ஊரானதற்குக் காரணம் செட்டிநாட்டு வீடுகள். பர்மாவிலும் மலேயாவிலும் வட்டித்தொழில் செய்த நகரத்தார், அங்கிருந்து தேக்கை இறக்கிக் கட்டிய வீடுகள் அவை. சுவீடன், செக்கோஸ்லோவாக்கியா, ஜப்பான் என்று பல நாட்டு எனாமல் பாத்திரங்கள் சீர்வரிசையாக உள்ளே போயின. 1942-ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததோடு அந்த வரவு ஒடிந்தது. பங்காளிகள் பெருகி, பராமரிக்க முடியாமல் பல வீடுகள் பிரிக்கப்பட்டபோது கதவும் தூணும் பாத்திரமும் தெருவுக்கு வந்தன. முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் இன்றைக்கும் அவற்றைப் பார்க்கலாம். "பெரிய வீட்டுச் சரக்கு முக்கால்வாசி போயிருச்சு. இப்ப நாங்க தேடுறது சம்சாரி வீட்டுச் சாமான்தான்" என்றார்.

சம்சாரி வீட்டில் அப்படி என்ன இருக்கிறது? படி, உழக்கு, மரக்கால், அஞ்சறைப்பெட்டி, குத்துவிளக்கு, தூக்குச்சட்டி, கல்லாப்பெட்டி, மாட்டுக் கழுத்து மணி, வண்டிச் சக்கரம், ஊஞ்சல் பலகை. கமலையில் தண்ணீர் இறைத்த இரும்புச் சால்கூட விலைபோகிறதாம். ஓட்டல்காரர்களும் ரிசார்ட்டுக்காரர்களும் சுவரோரம் வைப்பதற்காக வாங்குகிறார்கள். நம் கிணற்றில் தண்ணீர் இறைத்த சால், எங்கேயோ ஒரு சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் பூந்தொட்டியாக நிற்கிறது. கேட்பதற்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

முதல் இரண்டு ஊரில் ஒன்றும் அமையவில்லை. ஒரு வீட்டில் காட்டிய சாமி படத்தைக் கையில் வாங்கியவர் உதட்டைப் பிதுக்கினார். 1894-ல் ஓவியர் ரவிவர்மா மும்பையில் தொடங்கிய அச்சகத்தின் படம் மாதிரிதான் இருந்தது. அந்தப் படங்களின் கீழ் ஓரத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும். ஃப்ரேம் மாற்றியவர் கண்ணாடிக்குள் அடங்கவில்லை என்று அந்த ஓரத்தையே வெட்டி எறிந்திருந்தார். பூதக்கண்ணாடி வைத்துக் காட்டினார். பிற்காலத்து ஆப்செட் அச்சில் நிறம் வரிசையான சின்னச் சின்னப் புள்ளியாகத் தெரியும், பழைய கல்லச்சில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும். இது கல்லச்சுதான். "இருந்தும் என்ன? ஓரம் போனா விலை பாதிதான். ஃப்ரேமைத் தொடாம அப்படியே வச்சிருந்தா..." என்று இழுத்தார்.

மூன்றாவது ஊரில்தான் வியாபாரம். ஓட்டு வீடு, வாசலில் இரண்டு ஆடு. மோட்டார் காயில் எரிந்துபோய், கத்தரி காய்ந்துகொண்டிருக்கிறது. காயில் கட்ட ஆறாயிரம் கேட்கிறார்கள். மருமகள் பரணிலிருந்து அண்டாவையும் மரக்காலையும் இறக்கி வைத்திருந்தார். இரும்புக்கடைக்காரர் முதல்நாளே வந்து, அண்டாவுக்குக் கிலோ 380 என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நம்மவர் அண்டாவைக் கவிழ்த்தார், விளிம்பைத் தடவினார், காதுகள் இரண்டையும் ஆட்டிப் பார்த்தார். "பழசுன்னு சொல்லி விக்கிற புதுப் பாத்திரம் நிறைய வருது சார். உப்பும் சாணியும் தடவி மண்ணுல புதைச்சு, பச்சைக் களிம்பு ஏத்திடுறான். அது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். நிஜமாப் பொழங்கின பாத்திரம் கை படுற இடத்துலதான் தேஞ்சிருக்கும்." கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது. அவர் எழுத்துக்கூட்டி வாசிப்பதற்குள், திண்ணையில் இருந்த மூதாட்டி, "எங்காத்தா பேருப்பா அது" என்றார். கல்யாணச் சீராக வந்த அண்டா.

"அப்பத்தா, பேரு இருக்கிறது நல்லதுதான். எப்பச் செஞ்சதுன்னு தெரியும்" என்றவர் கிலோவுக்கு 450 சொன்னார். மருமகள் உள்ளே போய், ஆடு நிறுக்கும் கொக்கித் தராசை எடுத்து வந்தார். அவருடைய மின்னணுத் தராசில் 13 கிலோ 600 கிராம், கொக்கித் தராசில் 14 கிலோ. "உங்க தராசு ஆட்டுக்குப் பழகினது தங்கச்சி, கூடத்தான் காட்டும்" என்று சிரித்தார். பதினான்குக்கே கணக்குப் போட்டு 6,300 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். நாம் பக்கத்தில் இல்லாவிட்டால் பதினான்குக்குப் போட்டிருப்பாரா என்று தெரியாது. கொக்கித் தராசு இல்லாவிட்டால் போட்டிருக்க மாட்டார், அது நிச்சயம்.

மரக்கால் கதை வேறு. இரும்புப் பூண் போட்ட மர மரக்கால். தலைதட்டித் தலைதட்டி விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். மெட்ரிக் அளவுகளுக்கான சட்டம் 1956-ல் வந்த பிறகும், களத்தில் வெகுகாலம் இதுதான் பேசியது. 1,500 தருகிறேன் என்றார். அப்பத்தா பதில் சொல்லாமல் மரக்காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "தைக்கு நெல்லு வந்தா முதல்ல இதுலதான் அளக்கணும். லாபம், ரெண்டு, மூணுன்னு இதுலதான் எண்ணியிருக்கோம்." இரண்டாயிரம் என்று ஏற்றினார். மருமகள்தான் சொன்னார்: "விடுங்கண்ணே. மோட்டாருக்குத் துட்டு வந்துருச்சுல்ல."

வண்டியில் திரும்பும்போது கேட்டோம், அந்த அண்டாவை என்ன விலைக்கு விற்பீர்கள் என்று. கூசாமல் சொன்னார், "ஒம்பதாயிரம் கேப்பேன். நாளைக்கே போனாலும் போகும், ரெண்டு வருஷம் கடையில கிடந்தாலும் கிடக்கும். டீசல், வாடகை, மாட்டிக்கிட்ட போலிச் சரக்கு எல்லாம் அதுலதான் வரணும்." நியாயம் இருக்கிறது. ஆனால் 380-க்கும் 450-க்கும் இடையில் இருந்தது, இன்னொருவரைக் கேட்கும் பொறுமை மட்டுமே. மோட்டார் எரிந்த அன்றைக்குப் பரணை இறக்கினால் அந்தப் பொறுமை இருக்காது. வேலை ஓய்ந்த நாளில் சாமான்களை இறக்கி, போட்டோ எடுத்து, எடை போட்டு, இரண்டு பேரிடம் விலை கேட்டு வைத்துக்கொள்ளலாம். விற்க வேண்டும் என்றில்லை. மெஷின் பாலிஷ் மட்டும் போட வேண்டாம், பழமை போய்விடும். புளி போட்டுத் துலக்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அவர் தொடாத சரக்கும் உண்டு. ஐம்பொன் சிலை, கல் சிலை, கோயில் சாமான், ஓலைச்சுவடி. 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட கைவினைப் பொருள்கள் தொல்பொருள். சுவடிக்கு எழுபத்தைந்து வருடம். இவற்றை வைத்து வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. சிலைகள் போன்றவற்றை வைத்திருப்பவர் பதிவும் செய்ய வேண்டும். உழும்போதோ கிணறு வெட்டும்போதோ நாணயமோ சிலையோ கிடைத்தால், 1878-ம் ஆண்டின் புதையல் சட்டம் குறுக்கே வரும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பு இருந்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். வி.ஏ.ஓ அல்லது தாசில்தாரிடம் எழுத்து மூலம் கொடுத்துவிடுங்கள். முறையாகச் சொன்னவருக்குப் பங்கோ ஈட்டுத்தொகையோ கிடைக்க அந்தச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. மறைத்தால் அதுவும் போய், வழக்கும் வரும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்லச் சொன்னார். இடி விழுந்த கலசம், அரிசியை இழுக்கும், இரிடியம், கோடிக்கணக்கில் விலை என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். "அரிசிக்குள்ள இரும்புத்தூளை வச்சு, கலசத்துக்குள்ள காந்தத்தை ஒளிச்சு வேடிக்கை காட்டுவான். அப்புறம் சோதனைக் கட்டணம்னு உங்ககிட்டதான் லட்சம் கேப்பான். எங்க பக்கத்து ஊர்ல ஒருத்தர் வயலையே வித்துட்டார் சார்." பழைய ஒரு ரூபாய் நாணயத்துக்கு லட்சம் தருவதாக ரிசர்வ் வங்கி பெயரில் வரும் செய்திகளும் இதே ரகம். பழைய நாணயம், நோட்டு வாங்கும் வேலையிலோ அதற்குக் கமிஷன் கேட்கும் வேலையிலோ தனக்குச் சம்பந்தம் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்திருக்கிறது.

கேள்வி கேட்ட வாசகிக்கு: அண்டாவை இரண்டு தராசில் நிறுத்துவிட்டு விற்கலாம். படத்தை ஃப்ரேமிலிருந்து பிரிக்காமல், கீழ் ஓரத்தைப் போட்டோ எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள், தெரிந்தவரிடம் காட்டிச் சொல்கிறோம். மரக்காலைப் பற்றி உங்கள் மாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.