பிணைய அட்டை இயக்கியில் இணைப்பு நிலையறிதல்

பிணைய அட்டையில் செருகிய வடத்தின் மறுமுனையில் ஒரு கருவி இயங்குகிறதா என்று இயக்கி கண்டறிந்து இயங்குதளத்துக்குத் தெரிவிப்பது இணைப்பு நிலையறிதல் ஆகும். இது தவறினால், எல்லாம் சரியாக இருந்தும் 'வடம் செருகப்படவில்லை' என்று கணினி சொல்லும்.

ஈதர்நெட் அட்டையில் வடத்தின் குறிகைகளைக் கவனிப்பது 'ஃபை' எனப்படும் பகுதி. அது தன் 1ஆம் எண் பதிவகத்தில் ஒரு பிட்டை வைத்திருக்கும்: இணைப்பு இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ஐஇஇஇ 802.3 தரத்தின்படி, இணைப்பு கண நேரம் அறுந்தாலும் இந்த பிட் 0 ஆகி, இயக்கி படிக்கும் வரை அப்படியே நிற்கும். எனவே முதல் வாசிப்பில் கிடைக்கும் 0 பழைய செய்தியாக இருக்கலாம். இரண்டாம் வாசிப்பே இப்போதைய நிலையைச் சொல்லும்.

உத்திரமேரூர் வட்டத்தில் பாரத்நெட் கண்ணாடி இழை வந்து சேரும் ஓர் ஊராட்சி அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். இழை ஒரு முனையக் கருவியில் முடிகிறது. அங்கிருந்து கணினிக்கு ஈதர்நெட் வடம். மின்சாரம் போகிறது. கணினி இன்வெர்ட்டரில் ஓடுகிறது, முனையக் கருவி மட்டும் அணைந்து மீண்டும் எழுகிறது. இணைப்பு திரும்பியதும் ஃபை குறுக்கீடு அனுப்பும். இயக்கி ஒரே முறை படித்தால் பழைய 0 கிடைக்கும். அடுத்த குறுக்கீடு வராததால் 'இணைப்பு இல்லை' என்பதே நிலைத்துவிடும். வடத்தைப் பிடுங்கிச் செருகினாலும் பயன் இராது.

இருமுறை படிப்பது இதற்குத் தீர்வு. லினக்ஸின் பழைய பொது நிரல் முதல் வாசிப்பை வெறுமனே கழித்துவிடுகிறது. ஆனால் எப்போதும் இருமுறை படித்தால் குறுகிய அறுபடல்கள் மறைந்துபோகும். ஆகவே இன்றைய லினக்ஸ், குறித்த இடைவெளியில் படிக்கும் முறையில், இணைப்பு ஏற்கெனவே இருந்ததாகப் பதிந்திருந்தால் ஒருமுறை மட்டுமே படிக்கிறது.

வழு தேடுவோர் முதலில் துளையருகே உள்ள விளக்கைப் பார்க்கலாம். பெரும்பாலும் அதை எரியவைப்பது ஃபைதான், இயக்கியல்ல. விளக்கு எரிந்தும் கணினி மறுத்தால் சந்தேகம் இயக்கியின் மேல் விழ வேண்டும். லினக்ஸ் ஒவ்வோர் இடைமுகத்துக்கும் இணைப்பு எத்தனை முறை மாறியது என்ற எண்ணிக்கையையும் வைத்திருக்கிறது. யாரும் தொடாமலே அது ஏறினால் வடம், செருகி, மின்வழங்கி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். வடத்தைக் கழற்றியும் எண் மாறவில்லை என்றால் செய்தி இயக்கிக்கு எட்டவில்லை.

இன்னொரு பொறி: தவறான ஃபை முகவரியைப் படித்தால் பதில் சொல்ல யாருமின்றி எல்லா பிட்டும் 1 ஆக, அதாவது 65535 என வரும். இணைப்பு பிட்டும் 1 தானே! வடமே இல்லாமல் 'இணைப்பு உண்டு' என்று இயக்கி நம்பிவிடும்.

தெருவில் கண்ணாடி இழை அறுந்திருந்தால் கதை வேறு. முனையக் கருவிக்கும் கணினிக்கும் இடையிலான வடம் நன்றாகவே இருக்கும், விளக்கும் எரியும், இணையம் மட்டும் வராது. அங்கே இயக்கி சொல்வது சரி. தேட வேண்டியது இழையின் அறுந்த இடத்தை.