மண்வாசனை வந்தால் தாத்தா ஞாபகம் வருவது ஏன்?

கோடை உழவு முடிந்து புழுதியாகக் கிடக்கிற காட்டில் முதல் மழை விழுகிறது. மண்வாசனை கிளம்புகிறது. அடுத்த நொடியே, காலமாகி முப்பது வருஷமான தாத்தா தலைப்பாகையோடு கண்முன்னே நிற்கிறார். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாரோ வெற்றிலை போட்டால் அப்பத்தா ஞாபகம் வருகிறது. நெல் அவிக்கிற வாசனை, வெல்லம் காய்ச்சுகிற வாசனை, புதுப்பானைத் தண்ணீர் என்று ஆளாளுக்கு ஒன்று இருக்கும். 'நாமாக யோசித்தால் வராத ஞாபகம், ஒரு வாசனை பட்டதும் எப்படி வருகிறது?' இந்தக் கேள்விக்கு அறிவியலில் பதில் இருக்கிறது. அந்தப் பதிலில் விவசாயக் குடும்பங்களுக்கு உதவுகிற சங்கதியும் இருக்கிறது.

மூளைக்கு ஒரு குறுக்குவழி

மூக்கின் உள்ளே மேல்பகுதியில், தபால்தலை அளவில் ஒரு மெல்லிய சவ்வு உண்டு. வாசனையைப் பிடிக்கிற 'ஏற்பி'கள் இருப்பது அங்கேதான். மனிதருக்கு இவை சுமார் 400 வகை. ஒவ்வொரு வாசனையும் இவற்றில் சிலவற்றைச் சேர்த்துத் தட்டி எழுப்புகிறது. எந்தெந்த ஏற்பிகள் எழும்புகின்றன என்பதை வைத்து, இது மல்லிகை, இது மாட்டுச்சாணம் என்று மூளை பிரித்தறிகிறது. இதன் அடிப்படையை 1991-ல் வெளிப்படுத்திய அமெரிக்க விஞ்ஞானிகள் ரிச்சர்டு ஆக்செல், லிண்டா பக் இருவருக்கும் 2004-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

கண்ணும் காதும் அனுப்புகிற செய்திகள், மூளையின் நடுவே இருக்கிற 'தலாமஸ்' என்ற இடத்துக்குப் போய், அங்கிருந்துதான் மற்ற பகுதிகளுக்குப் பிரிகின்றன. வாசனைக்கு இந்தச் சுற்று கிடையாது. கோபம், பயம், பாசத்தைக் கையாளுகிற பகுதிக்கும், ஞாபகங்களைப் பதிய வைக்கிற பகுதிக்கும் அது நேராகவே போய்விடுகிறது. அதனால்தான் 'இது என்ன வாசனை?' என்று பெயர் பிடிபடுவதற்கு முன்பே மனசு கலங்கிவிடுகிறது.

வாசனை கிளப்புகிற ஞாபகங்களில் பெரும்பகுதி பத்து வயதுக்கு முந்தியவை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்காக அவை மற்ற ஞாபகங்களைவிடத் துல்லியமானவை என்று சொல்ல முடியாது. ஆனால் உணர்ச்சி அதிகம். அந்தக் காலத்துக்கே போய்விட்டு வந்த மாதிரி இருக்கும்.

தினமும் தொழுவத்தில் நிற்பவருக்குச் சாணி வாசனை எந்த ஞாபகத்தையும் கிளப்புவதில்லை. மூக்கு பழகிவிடுகிறது. பத்து வருஷம் கழித்து ஊருக்கு வருகிற மகனுக்குத்தான் அது 'சுரீர்' என்று படும். இடையில் வேறு எதோடும் கலக்காத வாசனை, முதலில் பதிந்த இடத்தோடேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மண்வாசனையின் சொந்தக்காரர்கள்

மழை மணத்துக்கு முக்கியக் காரணம் 'ஜியோஸ்மின்' என்ற பொருள். மண்ணில் வாழ்கிற 'ஸ்ட்ரெப்டோமைசஸ்' போன்ற நுண்ணுயிர்கள்தான் இதை உண்டாக்குகின்றன. மழைத்துளி காய்ந்த மண்ணில் விழும்போது சின்னச்சின்னக் காற்றுக்குமிழ்கள் வெடித்து இதைக் காற்றில் தூவுகின்றன. லட்சம் கோடிப் பங்கில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும்.

ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவர் 1964-ல் இந்த மணத்துக்கு 'பெட்ரிகோர்' என்று பெயர் வைத்தார்கள். அதற்கு முன்பே உத்தரப்பிரதேசத்தின் கன்னௌஜ் ஊர்க்காரர்கள், சுட்ட களிமண்ணிலிருந்து மண்வாசனையை வடித்து அத்தராக விற்றுக்கொண்டிருந்தார்கள்.

மூக்கும் ஒரு விவசாயக் கருவி

தாத்தா ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி மோந்து பார்த்தபோது, பக்கத்தில் நின்ற பேரனும் மோந்து பார்த்தான். அங்கே பதிந்தது பாசம் மட்டுமல்ல, தொழிலும்தான். பெரியவர்கள் மூக்கால் கண்டுபிடித்த சங்கதிகள் இன்றைக்கும் பயன்படுகின்றன.

நன்கு மக்கிய உரத்தில் மழை பெய்த மண்ணின் வாசனை வரும். மூக்கைப் பிடிக்கிற நெடி வந்தால் தழைச்சத்து வீணாகிறது என்று அர்த்தம்; காய்ந்த சருகு, வைக்கோல் சேர்க்க வேண்டும். அழுகல் நாற்றம் வந்தால் காற்றோட்டம் போதவில்லை, கிளறிவிட வேண்டும்.

நெல் வயலில் கால் வைத்ததும் அழுகிய முட்டை நாற்றம் வந்தால், நீர் தேங்கி வேர்ப்பகுதியில் காற்றில்லை. தண்ணீரை வடித்து மண்ணைக் காயவிட வேண்டும்.

ஊறுகாய்ப்புல் நன்றாகத் தயாராகியிருந்தால் இனிப்பும் புளிப்பும் கலந்த மணம் வரும். கெட்ட வெண்ணெய் மாதிரி வாடை வந்தால் அதை மாட்டுக்குப் போடக் கூடாது.

கன்று போட்ட சில வாரங்களில், தீனி எடுக்காத கறவை மாட்டின் மூச்சில் பழுத்த பழம் போல வாசனை வந்தால் 'கீட்டோசிஸ்' நோயாக இருக்கலாம். உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இவை புத்தகத்தில் படித்து வருகிற அறிவல்ல. பத்து வயதுக்குள் கூட நின்று பழகினால் ஆயுசுக்கும் மறக்காது. விடுமுறையில் வருகிற பேரப்பிள்ளையை எருக்குழிக்கும் வயலுக்கும் கூட்டிப்போங்கள். 'மோந்து பார், இது எப்படி இருக்கு?' என்று கேளுங்கள்.

வலியைக் கிளப்புகிற வாசனை

எல்லா வாசனையும் இனிப்பான ஞாபகத்தைக் கொண்டுவருவதில்லை. பூச்சிமருந்தால் ஓர் உயிரைப் பறிகொடுத்த வீடுகள் நம் ஊர்களில் இருக்கின்றன. பக்கத்துக் காட்டில் மருந்தடிக்கிற நெடி காற்றில் வந்தாலே, அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கைகால் நடுங்கலாம். ராத்திரி தூக்கம் போகலாம். 'இத்தனை வருஷமாச்சு, இன்னும் என்ன?' என்று கேட்காதீர்கள். அது பலவீனமல்ல. மேலே சொன்ன அதே குறுக்குவழிதான். மருந்தடிக்கிற நாளை முன்கூட்டியே சொல்லிவிடுவது அக்கம்பக்கத்தார் செய்யக்கூடிய பெரிய உதவி. தொந்தரவு நீடித்தால் மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். 14416 என்ற இலவச எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

மருந்து டப்பாவை வீட்டுக்குள் வைக்காதீர்கள். தனி இடத்தில் பூட்டி வையுங்கள். எந்த மருந்து என்று மோந்து பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டாம், லேபிளைப் படியுங்கள். மருந்தடித்த சட்டையை மாற்றிக் குளித்துவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும். உடம்புக்கு நல்லது என்பதோடு, 'அப்பா' என்றதும் அந்தப் பிள்ளைக்கு மருந்து நெடி ஞாபகம் வராமல் இருக்கும்.

வாசகர் கேள்வி

'எங்கள் அப்பாவுக்கு 72 வயது. பால் தீய்ந்த வாசனைகூடத் தெரியவில்லை. வயசானால் இப்படித்தானா?'

வயது கூடும்போது மோப்பம் குறைவது சகஜம். சளி, மூக்கில் சதை வளர்ச்சி, கொரோனா போன்ற தொற்றுகளாலும் குறையும். சிலருக்கு மறதிநோய், நடுக்குவாதம் ஆகியவற்றின் ஆரம்ப அறிகுறியாகவும் இருக்கலாம். அதனால் 'வயசுதான்' என்று விட்டுவிடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். சமையல் எரிவாயு கசிந்தால் தெரிவதற்காகத்தான் அதில் நாற்றப்பொருள் சேர்க்கிறார்கள். உங்கள் அப்பாவுக்கு அது தெரியாமல் போகலாம். அவர் தனியாக இருக்கும்போது சிலிண்டர் வால்வை மூடி வையுங்கள். கெட்டுப்போன சாப்பாடும் அவருக்குத் தெரியாது என்பதால், நீங்கள் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.