ஃபோபி–ஃபோகியூ சமிக்ஞை அமைப்பு

ஃபோபி–ஃபோகியூ என்பது சால்மோனெல்லா பாக்டீரியா தன் சூழலை உணர்ந்து, அதற்கேற்ப மரபணுக்களை இயக்கவும் ஒடுக்கவும் பயன்படுத்தும் சமிக்ஞை அமைப்பு ஆகும். டைஃபாய்டு காய்ச்சலை உண்டாக்கும் சால்மோனெல்லா டைஃபி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா டைஃபிமியூரியம் ஆகிய இரண்டிலும் இது உள்ளது. பாக்டீரியாவை அழிக்க உடல் கையாளும் ஆயுதங்களையே இவ்வமைப்பு குறிகளாக எடுத்துக்கொள்கிறது. இதனால் நெருக்கடியில் உயிர்தப்புவதும் நோயை உண்டாக்குவதும் சால்மோனெல்லாவில் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன.

கண்டறிதல்

1989ஆம் ஆண்டில் இரு ஆய்வுக் குழுக்கள் இவ்வமைப்பிற்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை வெளியிட்டன. ஒன்றில் ஃபீல்ட்ஸ், குரோயிஸ்மன், ஹெஃப்ரான் ஆகியோரும், மற்றொன்றில் மில்லர், மெக்கலானோஸ் உள்ளிட்டோரும் இடம்பெற்றிருந்தனர். ஃபோபி மரபணு பழுதான பாக்டீரியாக்களால் நோயெதிர்ப்பு உயிரணுக்களின் நுண்ணுயிர்க்கொல்லிப் புரதங்களைத் தாங்க முடியவில்லை. எலிகளில் கடும் நோயை உண்டாக்கவும் முடியவில்லை.

செயற்படும் விதம்

இது 'இருகூறு அமைப்பு' என்னும் வகையைச் சேர்ந்தது. ஃபோகியூ என்பது பாக்டீரியாவின் உள்சவ்வில் பதிந்திருக்கும் உணரிப் புரதம். ஃபோபி என்பது உயிரணுவின் உள்ளே இருக்கும் ஒழுங்குபடுத்திப் புரதம். நெருக்கடியை உணர்ந்ததும் ஃபோகியூ, தன்னிடமுள்ள ஒரு ஹிஸ்டிடின் அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டை ஏற்றிக்கொள்கிறது. அந்தப் பாஸ்பேட்டு பின்னர் ஃபோபியின் அஸ்பார்டிக் அமிலத்திற்கு மாற்றப்படுகிறது. பாஸ்பேட்டு பெற்ற ஃபோபி டி.என்.ஏ.வுடன் பிணைந்து பல மரபணுக்களைக் கட்டுப்படுத்துகிறது. நெருக்கடி நீங்கியதும் ஃபோகியூவே ஃபோபியிலிருந்து பாஸ்பேட்டை நீக்கிவிடும்.

உணரப்படும் குறிகள்

நோயெதிர்ப்பு உயிரணுவான பெருவிழுங்கி, சால்மோனெல்லாவை விழுங்கி ஒரு சிறு பைக்குள் அடைக்கிறது. அப்பைக்குள் அமிலத்தன்மை கூடுகிறது. நேர்மின்சுமை கொண்ட நுண்ணுயிர்க்கொல்லிப் பெப்டைடுகளும் பாக்டீரியாவைத் தாக்குகின்றன. இவ்விரண்டையும் ஃபோகியூ உணர்கிறது. மக்னீசியம் அயனிகளின் குறைவும் அதைத் தூண்டும் என்பதை 1996இல் குரோயிஸ்மன் குழுவினர் காட்டினர்.

ஃபோகியூவின் வெளிநோக்கிய பகுதி எதிர்மின்சுமை உடையது. அருகிலுள்ள சவ்வின் மேற்பரப்பும் அவ்வாறே. மக்னீசியம் அயனிகள் இரண்டுக்கும் இடையே பாலமாக நின்று, ஃபோகியூவைச் செயலற்ற நிலையில் பிடித்து வைக்கின்றன. கொல்லிப் பெப்டைடுகள் வந்து மக்னீசியத்தை இடம்பெயர்க்கும்போது இப்பிடி தளர்ந்து ஃபோகியூ செயல்படத் தொடங்குவதாகக் கருதப்படுகிறது.

உயிர்தப்புதல்

தூண்டப்பட்ட பாக்டீரியா முதலில் தன் மேலுறையை மாற்றியமைக்கிறது. வெளிச்சவ்விலுள்ள லிப்பிடு ஏ என்னும் மூலக்கூறில் கொழுப்பு அமிலங்கள் சேர்க்கப்படுகின்றன அல்லது நீக்கப்படுகின்றன. பிஎம்ஆர்ஏ–பிஎம்ஆர்பி என்னும் மற்றோர் இருகூறு அமைப்பும் ஃபோபியின் வழியாகத் தூண்டப்பட்டு, லிப்பிடு ஏ-யுடன் அமினோ அரபினோஸ் என்னும் சர்க்கரையை இணைக்கிறது. இதனால் மேலுறையின் எதிர்மின்சுமை குறைகிறது. நேர்மின்சுமை கொண்ட பெப்டைடுகள் அதில் எளிதில் ஒட்ட முடிவதில்லை. பெப்டைடுகளை வெட்டிச் சிதைக்கும் நொதியும், மக்னீசியத்தை உள்ளே கொண்டுவரும் புரதங்களும் கூடுதலாக உற்பத்தியாகின்றன.

நோயுண்டாக்கும் திறன்

சால்மோனெல்லா இரு ஊசி போன்ற கருவிகளைக் கொண்டுள்ளது. குடற்சுவர் உயிரணுக்களுக்குள் நுழைய முதற்கருவியும், பெருவிழுங்கியின் பைக்குள் தங்கிப் பெருக இரண்டாம் கருவியும் உதவுகின்றன. ஃபோபி முதற்கருவிக்கான மரபணுக்களை ஒடுக்கி, இரண்டாம் கருவிக்கானவற்றை ஊக்குவிக்கிறது. உள்ளே நுழைந்தபின் நுழைவுக் கருவியால் பயனில்லை என்பதால் இம்மாற்றம் பாக்டீரியாவிற்கு இன்றியமையாதது.

இவ்வமைப்பு ஓயாமல் இயங்கினாலும் பாக்டீரியாவிற்குத் தீங்கே. ஃபோபி எப்போதும் செயல்படுமாறு மாற்றப்பட்ட சால்மோனெல்லாவும் எலிகளில் நோயுண்டாக்கும் திறனை இழந்தது. உரிய மரபணு உரிய நேரத்தில் இயங்குவதே நோயின் வெற்றிக்கு அடிப்படை என்பதை இது காட்டுகிறது.

மருத்துவ முக்கியத்துவம்

ஃபோபி–ஃபோகியூவை ஒத்த அமைப்புகள் எசரிக்கியா கோலை, கிளெப்சியெல்லா நிமோனியே போன்ற பாக்டீரியாக்களிலும் உள்ளன. இவற்றில் எம்ஜிஆர்பி என்னும் சிறு புரதம் ஃபோகியூவைக் கட்டுக்குள் வைக்கிறது. கிளெப்சியெல்லாவில் எம்ஜிஆர்பி மரபணு பழுதானால் ஃபோபி தடையின்றி இயங்கி, லிப்பிடு ஏ மாற்றமடைகிறது. இதன் விளைவாக, பிற மருந்துகள் பலனளிக்காதபோது கடைசி வழியாகக் கொடுக்கப்படும் கொலிஸ்டின் மருந்தும் பயனற்றுப்போகிறது. கொலிஸ்டினும் நேர்மின்சுமை கொண்ட பெப்டைடு என்பதே இதற்குக் காரணம்.

இவ்வறிவு தடுப்பு மருந்து ஆய்விலும் பயன்பட்டுள்ளது. ஃபோபி, ஃபோகியூ மரபணுக்கள் நீக்கப்பட்ட டைஃபாய்டு பாக்டீரியா, வாய்வழித் தடுப்பு மருந்தாகத் தன்னார்வலர்களிடம் சோதிக்கப்பட்டது. மேலும், இருகூறு அமைப்புகள் மனித உயிரணுக்களில் இல்லை. ஆகவே இவற்றை முடக்கும் மருந்துகள் மனித உடலுக்கு அதிகத் தீங்கு விளைவிக்காமல், பாக்டீரியாவின் தற்காப்பை மட்டும் குலைக்கக்கூடும் என்னும் நோக்கில் ஆய்வுகள் நடைபெறுகின்றன.