கோவிட்-19 நோயில் ஸ்டீராய்டு மருத்துவம்

கோவிட்-19 நோயில் ஸ்டீராய்டு மருத்துவம் என்பது, அந்நோயால் நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களுக்கு, அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்துகளை அளிக்கும் முறையாகும். இவற்றுள் பெரிதும் பயன்படுவது டெக்சாமெத்தசோன் ஆகும். இம்மருந்து தீநுண்மத்தை (வைரசை) அழிப்பதில்லை. தீநுண்மத்திற்கு எதிராக உடல் காட்டும் மிகையான எதிர்வினையையே அடக்குகிறது. எனவே உயிர்வளி (ஆக்சிசன்) தேவைப்படும் நிலையில் உள்ளவர்களுக்கு இது உயிர்காக்கும் மருந்தாகவும், அத்தேவை ஏற்படாதவர்களுக்குப் பயனற்றதாகவும் சில வேளைகளில் தீங்கு தருவதாகவும் அமைகிறது.

மருந்தின் இயல்பு

மனித உடலில் சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரீனல் சுரப்பிகள் கார்ட்டிசால் என்னும் இயக்குநீரைச் (ஹார்மோனைச்) சுரக்கின்றன. இதனை ஒத்து செயற்கையாக உருவாக்கப்பட்டவையே இங்குக் குறிப்பிடப்படும் ஸ்டீராய்டுகள். தசையைப் பெருக்க விளையாட்டு வீரர்கள் சிலர் முறைகேடாகப் பயன்படுத்தும் ஸ்டீராய்டுகள் வேறு வகையைச் சார்ந்தவை.

இவ்வகை மருந்துகளின் மருத்துவப் பயன் 1948 ஆம் ஆண்டு முடக்குவாத நோயாளிகளிடம் முதலில் காணப்பட்டது. இப்பணிக்காக பிலிப் ஹென்ச், எட்வர்டு கெண்டல், டாடியஸ் ரைக்ஸ்டைன் ஆகியோர் 1950 இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு பெற்றனர். டெக்சாமெத்தசோன் 1950களின் பிற்பகுதியில் உருவாக்கப்பட்டது. காப்புரிமைக் காலம் முடிந்து நெடுங்காலம் ஆனதால் இது மிக மலிவான விலையில் கிடைக்கிறது.

செயல்படும் முறை

கோவிட்-19 நோயின் முதல் வாரத்தில் தீநுண்மம் உடலில் வேகமாகப் பெருகுகிறது. அக்காலத்தில் நோய் எதிர்ப்பு ஆற்றலே உடலின் முதன்மைக் காப்பு ஆகும். சிலருக்கு ஒரு வாரத்திற்குப் பின்னர், தீநுண்மத்தின் அளவு குறையத் தொடங்கிய நிலையிலும், எதிர்ப்பு அணுக்கள் அடங்காமல் அழற்சியைத் தூண்டும் புரதங்களைத் தொடர்ந்து வெளியிடுகின்றன. இதனால் நுரையீரலின் காற்று நுண்ணறைகளில் நீர்மம் நிறைந்து, இரத்தத்திற்குச் செல்லும் உயிர்வளி குறைகிறது.

ஸ்டீராய்டு உயிரணுவினுள் புகுந்து அங்குள்ள ஏற்பியுடன் இணைகிறது. பின்னர் உட்கருவை அடைந்து, அழற்சிப் புரதங்களை உண்டாக்கும் மரபணுக்களின் செயலைத் தடுக்கிறது. இதே செயல் முதல் வாரத்தில் நிகழுமாயின், தீநுண்மத்தை எதிர்க்க வேண்டிய ஆற்றலே தளர்ந்துவிடும்.

2020 க்கு முந்தைய ஐயம்

2003 ஆம் ஆண்டு பரவிய சார்ஸ் நோயில் ஸ்டீராய்டுகள் அதிக அளவில் அளிக்கப்பட்டன. அவற்றால் உயிர்கள் காக்கப்பட்டனவா என்பது உறுதிப்படவில்லை. ஆனால் பிழைத்தவர்களில் சிலருக்குத் தொடை எலும்பின் தலைப்பகுதி இரத்த ஓட்டமின்றி நலிவடைந்தது. மெர்ஸ் நோயில் இம்மருந்து பெற்றவர்களின் உடலிலிருந்து தீநுண்மம் நீங்கக் காலதாமதமானது. இன்ஃபுளுவென்சாக் காய்ச்சலில் ஸ்டீராய்டு பெற்றவர்களிடையே இறப்பு கூடுதலாகப் பதிவானது. எனினும் நோய் முற்றியவர்களுக்கே மருத்துவர்கள் இதனை அளித்திருக்கக்கூடும் என்பதால், இறப்புக்குக் காரணம் மருந்தா நோயா எனப் பிரித்தறிய இயலவில்லை. இச்சூழலில், கோவிட்-19 நோய்க்கு ஸ்டீராய்டுகளை வழக்கமாக அளிக்க வேண்டாம் என உலக சுகாதார அமைப்பு 2020 சனவரியில் அறிவுறுத்தியது.

ரிகவரி ஆய்வு

இவ்வையத்தைத் தீர்த்தது பிரித்தானியாவில் நடைபெற்ற ரிகவரி ஆய்வு ஆகும். ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஹார்பி, மார்ட்டின் லாண்ட்ரே ஆகியோர் தலைமையில் இது 2020 மார்ச்சில் தொடங்கியது. யாருக்கு மருந்து அளிப்பது என்பதை மருத்துவர் தெரிவு செய்யாமல், குலுக்கல் போன்ற எழுமாற்று முறையில் கணினி முடிவு செய்தது. ஆகவே இரு குழுவினரும் தொடக்கத்தில் ஏறத்தாழ ஒத்த நிலையினராக இருந்தனர். 2,104 பேருக்கு நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் அதிகபட்சம் 10 நாள்கள் அளிக்கப்பட்டது. 4,321 பேர் வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றனர்.

28 நாள்களுக்குள் இறந்தவர்களின் விழுக்காடு வருமாறு:

- செயற்கை மூச்சுக் கருவியில் (வென்டிலேட்டரில்) இருந்தோர்: மருந்து பெற்றவர்களில் 29.3%, பெறாதவர்களில் 41.4%
- உயிர்வளி மட்டும் பெற்றோர்: மருந்து பெற்றவர்களில் 23.3%, பெறாதவர்களில் 26.2%
- உயிர்வளி தேவைப்படாதோர்: மருந்து பெற்றவர்களில் 17.8%, பெறாதவர்களில் 14.0%

முதல் பிரிவில் ஏறத்தாழ 8 பேருக்கு மருந்தளித்தால் ஓர் உயிர் காக்கப்படும் என்பது இதன் பொருள். மூன்றாம் பிரிவில் காணப்பட்ட வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம். எனினும் பயன் ஏதும் காணப்படவில்லை, தீங்கு நேரும் வாய்ப்பையும் மறுக்க இயலவில்லை. நோய்க்குறிகள் தோன்றி 7 நாள்களுக்கு மேல் ஆனவர்களிடமே பயன் தெளிவாகக் காணப்பட்டது.

முடிவுகள் 2020 சூன் 16 அன்று அறிவிக்கப்பட்டன. இந்திய நலவாழ்வு அமைச்சகம் அதே மாதம் 27 ஆம் நாள் டெக்சாமெத்தசோனைத் தன் மருத்துவ வழிகாட்டியில் சேர்த்தது. ஏழு ஆய்வுகளின் 1,703 நோயாளிகளைத் தொகுத்து ஆராய்ந்தபோதும் இதே போக்கு காணப்பட்டது. உலக சுகாதார அமைப்பு தன் நிலைப்பாட்டை மாற்றி, கடுமையான நோயுற்றவர்களுக்கு மட்டும் ஸ்டீராய்டு அளிக்குமாறு 2020 செப்டம்பரில் பரிந்துரைத்தது.

அளவு

மருந்தின் அளவைக் கூட்டினால் பயன் கூடும் என்பதும் பிழையெனத் தெரியவந்தது. 2023 இல் வெளியான ரிகவரி ஆய்வின் மற்றொரு பகுதியில், உயிர்வளிக் குறைபாடு இருந்தும் மூச்சுக் கருவியின் துணை தேவைப்படாதவர்களுக்கு 5 நாள்கள் 20 மில்லிகிராமும், அடுத்த 5 நாள்கள் 10 மில்லிகிராமும் அளிக்கப்பட்டன. இவர்களில் 19% பேர் இறந்தனர். வழக்கமான மருத்துவம் பெற்றவர்களில் இறந்தோர் 12%. வழக்கமான மருத்துவம் பெற்றவர்களில் பெரும்பாலோர் குறைந்த அளவு ஸ்டீராய்டு பெற்றவர்கள் ஆவர்.

பக்க விளைவுகள்

இரத்தச் சர்க்கரை உயர்தல், பிற தொற்றுகள் ஏற்படுதல், மனக்குழப்பம், உறக்கமின்மை, தசைத் தளர்ச்சி ஆகியன முதன்மையான பக்க விளைவுகளாகும். குடலில் ஸ்ட்ராஞ்சிலாய்டஸ் என்னும் புழு உள்ளவர்களுக்கு அப்புழு உடலெங்கும் பரவும் இடர் உண்டு. ஆகையால் அப்புழு மிகுந்த நாடுகளில் அதற்கான மருந்தும் சேர்த்து அளிக்கப்படுவதுண்டு.

2021 இல் இந்தியாவில் இரண்டாம் அலையின்போது கருப்புப் பூஞ்சை எனப்பட்ட மியூக்கார்மைக்கோசிஸ் நோய் பரவியது. அவ்வாண்டு சூன் இறுதிக்குள் 40,000 க்கும் மேற்பட்டோர் இதனால் பாதிக்கப்பட்டனர். பலர் கண்ணை இழந்தனர். கட்டுப்படாத நீரிழிவும், ஸ்டீராய்டுகளைத் தேவையின்றியோ அளவுக்கு மீறியோ பயன்படுத்தியதும் இதற்கு முதன்மைக் காரணங்களாகக் கருதப்பட்டன. தமிழ்நாடு அரசு 2021 மே மாதத்தில் இதனை அறிவிக்கத்தக்க நோயாக அறிவித்தது.

பிற தீநுண்மத் தொற்றுகள்

கோவிட்-19 இல் கண்ட பயனைப் பிற தீநுண்மங்களால் உண்டாகும் நுரையீரல் அழற்சிக்கு அப்படியே பொருத்த இயலாது. இன்ஃபுளுவென்சாவால் ஏற்படும் நுரையீரல் அழற்சிக்கு ஸ்டீராய்டு வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. ஆயினும் ஆஸ்துமா போன்ற வேறு காரணத்திற்காக ஸ்டீராய்டு தேவைப்படுவோர் மருத்துவர் மேற்பார்வையில் அதனைப் பெறலாம்.