ஒரு ஸ்கேனுக்குள் எத்தனை கணினி

டீக்கடைக் கல்லாவில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடுக்குள் பணம் எதுவும் கிடையாது. கடைக்காரரின் யுபிஐ முகவரி, பெயர் போன்ற விவரங்கள் மட்டுமே எழுத்துகளாக இருக்கின்றன. 1994ல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு வாகன உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க உருவாக்கிய கட்டம் இது. மூன்று மூலைகளில் உள்ள பெரிய சதுரங்களை வைத்து, போனை எப்படிப் பிடித்தாலும் கேமரா திசையைக் கண்டுபிடித்துவிடும். கொஞ்சம் கிழிந்தாலும், டீக்கறை பட்டாலும் விட்டுப்போனதை ஈடுகட்டும் குறிகள் உள்ளேயே உண்டு.

தொகையைப் போட்டதும் பின் நம்பர் கேட்கும் பக்கம் வருகிறதே, அதைக் கவனியுங்கள். எந்த ஆப்பில் போனாலும் அது ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஆப் நிறுவனத்தின் பக்கம் அல்ல அது. யுபிஐயை நடத்தும் என்பிசிஐ தந்தது. நீங்கள் தட்டும் எண்களை அது போனிலேயே பூட்டி அனுப்புகிறது. சரிபார்ப்பது உங்கள் வங்கி. அங்கே பணம் கழிந்ததும் என்பிசிஐ வழியாகக் கடைக்காரரின் வங்கிக்குத் தகவல் போய், அவர் கணக்கில் வரவாகிறது. பெரும்பாலும் சில நொடிகளில் முடிந்துவிடும்.

இத்தனைக்கும் நடுவில் போன் செய்யும் கணக்கு வேலை கொஞ்சம்தான். அதன் முக்கிய வேலை, கேட்பது நீங்கள்தான் என்று சாட்சி சொல்வது. ஆப்பை முதலில் பதிவு செய்யும்போது போனிலிருந்து தானாக ஒரு எஸ்எம்எஸ் போவது இதற்குத்தான்: வங்கியில் கொடுத்த நம்பரின் சிம் இந்தப் போனில்தான் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்கிறார்கள். சிம் ஒரு சாட்சி, பின் இன்னொன்று. பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. ‘உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், பின்னைப் போடுங்கள்’ என்று யார் சொன்னாலும் அது மோசடி. வீட்டில் பெரியவர்களுக்கு இதை அவசியம் சொல்லி வையுங்கள்.

சாதா போனுக்கும் வழி உண்டு. 2022ல் வந்த ‘யுபிஐ 123பே’ மூலம், இணையம் இல்லாமல் அழைப்பு வழியாகவே பணம் அனுப்பலாம்.

கடையில் ‘பத்து ரூபாய் பெறப்பட்டது’ என்று பேசும் பெட்டியும் ஒரு சின்னப் போன்தான்; பல பெட்டிகளுக்குள் சிம் கார்டு இருக்கிறது. வாடிக்கையாளர் திரையில் காட்டும் பச்சை டிக்கைப் போலி ஆப்பால் வரவழைத்துவிடலாம். பெட்டிக்கோ செய்தி வருவது கடைக்காரருக்குச் சேவை தரும் நிறுவனத்தின் சர்வரிலிருந்து. அதனால்தான் கூட்ட நேரத்தில், கை ஈரமாக இருக்கும் டீ மாஸ்டர் உங்கள் திரையை எட்டிப் பார்ப்பதில்லை, பெட்டி பேசுகிறதா என்று காதைத் தீட்டிக்கொள்கிறார்.