ஒரு கார், இரண்டு செட் சக்கரம்

போன வருடம் பொங்கல் விழா முடிந்து மண்டபத்திலிருந்து வெளியே வந்தபோது, நம் சங்கத்துப் பையன்கள் நாலைந்து பேர் என் மகனுடைய காரைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்திருந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்தது காரை அல்ல, சக்கரத்தை. "அங்கிள், பதினேழு இஞ்ச் அலாய் போட்டா இன்னும் நல்லா இருக்குமே, ஏன் போடல?" என்று ஒருவன் கேட்டான். பின்னாலேயே வந்த அவன் அப்பா, "சார், இவனுக்கு நீங்களே புத்தி சொல்லுங்க, நான் சொன்னா கேக்க மாட்டேங்கறான்" என்றார். நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயமில்லை அது. மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டதும் அந்தப் பையன்தான் நினைவுக்கு வந்தான். பக்கத்துக் கட்டுரைகளில் சங்க இலக்கியமும் சோழர் கால ஏரிகளும் இருக்கும்போது இங்கே டயரா என்று பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். பிம்ப்ரி-சிஞ்ச்வடுக்கு வேலைக்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களில் பல வாகனத் தொழிலை நம்பி வந்தவை. நானும் 26 வருடம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் இருந்தவன்தான்.

முதலில் ஆட்டோகிராஸ் என்றால் என்ன? ஒரு திறந்த மைதானத்தில் கூம்புகளை வைத்து வளைந்து வளைந்து ஒரு பாதை அமைப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். போட்டி கடிகாரத்தோடு, பக்கத்துக் காரோடு இடித்துக்கொள்கிற வேலை இல்லை. அமெரிக்காவில் பெரிய வாகன நிறுத்துமிடங்களில், தார் அல்லது சிமென்ட் தரையில் இது நடக்கிறது. அங்குள்ள எஸ்.சி.சி.ஏ. அமைப்பின் விதிப்படி ஒரு கூம்பைத் தட்டினால் இரண்டு வினாடி தண்டனை. நம் நாட்டில் பெரும்பாலும் மண் தரை, சில இடங்களில் தார். இங்கே மோட்டார் பந்தயங்களுக்கான தேசிய அமைப்பு எஃப்.எம்.எஸ்.சி.ஐ.; அதன் தலைமையிடம் சென்னை. சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களையும், கோயம்புத்தூரில் கரிவரதன் பெயரால் அமைந்த காரி மோட்டார் ஸ்பீட்வேயையும் நினைத்துப் பார்த்தால், இந்தப் பைத்தியம் நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல என்பது புரியும்.

இந்த ஓட்டம் ஒரு நிமிடம் சொச்சம்தான். பெரும்பாலும் இரண்டாவது கியரிலேயே போய்விடும். இஞ்சின் பலம் இங்கே அவ்வளவாக எடுபடாது. நான்கு டயரும் தரையைத் தொடுகிற இடம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அளவு. பிரேக்கும் திருப்பமும் அந்த நாலு உள்ளங்கையில்தான் நடக்கின்றன. அதனால்தான் காசு செலவழிக்க நினைக்கிற பையன் முதலில் டயர்க் கடைக்குப் போகிறான். அது சரிதான். என்ன வாங்குகிறான் என்பதில்தான் சிக்கல்.

டயரின் பக்கவாட்டில் 185/65 R15 88H என்று எழுதியிருக்கும். 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் 65 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், அதாவது சுமார் 120 மி.மீ. 15 என்பது ரிம்மின் விட்டம், இஞ்சில். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். H என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. 2018இல் வந்த ஸ்விஃப்டை எடுத்துக்கொள்வோம், என் மகனிடம் இருப்பதும் அதுதான். குறைந்த விலை மாடலில் 165/80 R14, கூடிய விலை மாடலில் 185/65 R15. கணக்குப் போட்டுப் பாருங்கள்: முதலாவதின் மொத்த விட்டம் ஏறக்குறைய 620 மி.மீ., இரண்டாவது 621. ரிம் பெரிதானால் ரப்பர் குறையும், மொத்த உயரம் மாறாது. அப்போதுதான் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, வண்டியும் எங்கும் உரசாது.

என் மகன் முதலில் வாங்கியது 205/45 R17. மொத்த விட்டம் 616, அதில் தப்பில்லை. ஆனால் பக்கச்சுவர் 92 மி.மீ.தான். "அப்பா, சுவர் குட்டையா இருந்தா திருப்பத்துல டயர் மடங்காது" என்றான். உண்மைதான். ஆனால் புனேயின் மழைக்காலக் குழிக்கு அந்த நியாயம் தெரியாதே! ஜூலை மாதத்தில் ஒரு ராத்திரி, தண்ணீர் நிறைந்த குழியில் இறங்கி, ஒரு ரிம் விளிம்பில் விரிசல் விட்டது. இரும்பு ரிம் இப்படி அடிபட்டால் வளையும், அலாய் வெடிக்கும். "வெல்டிங் வெச்சுக் குடுக்கறோம்" என்று சொன்ன கடைக்காரரை நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். விரிசல் விட்ட சக்கரத்தை ஒட்டவைத்து ஓட்டக் கூடாது.

அந்த ரிம்களில் இன்னொரு தொல்லையும் இருந்தது. எண்பதில் போனால் ஸ்டீயரிங் நடுங்கும். மூன்று தடவை பேலன்சிங் செய்தோம், போகவில்லை. கடைசியில் நானே கழற்றிப் பார்த்தேன். நான்கு போல்ட்டும் 100 மி.மீ. வட்டத்தில் சரியாகத்தான் இருந்தன. ஆனால் ரிம்மின் நடுத்துளை 73.1 மி.மீ., காரின் ஹப் 54.1 மி.மீ. பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று பெரிய துளையோடு வார்த்து விற்பார்கள். இடைவெளியை அடைக்க ஒரு வளையம் போட வேண்டும். விற்றவர் வளையத்தைப் போடவே இல்லை. சின்ன வளையம்தான். அதற்காக மூன்று சனிக்கிழமை போயின.

இதற்குப் பிறகுதான் அப்பாவும் மகனும் உட்கார்ந்து பேசினோம். ஒரே செட் சக்கரத்தில் இரண்டு வேலையும் வாங்க நினைப்பதுதான் தவறு என்பது எனக்குப் பட்டது. ஆபீஸ் போகிற டயருக்கு மழையில் தண்ணீரை வெளியேற்றும் பள்ளம் வேண்டும், நாற்பதாயிரம் கிலோமீட்டராவது உழைக்க வேண்டும். மைதானத்து டயருக்கு மென்மையான, ஒட்டுகிற ரப்பர் வேண்டும். அது சீக்கிரம் தேயும். அமெரிக்கச் சந்தைக்குப் போகிற டயர்களில் 'ட்ரெட்வேர்' என்று ஒரு எண் அச்சாகியிருக்கும், இங்கே விற்கிற பல டயர்களிலும் பார்க்கலாம். எண் குறையக் குறைய ரப்பர் மென்மை என்று மோட்டாவாக வைத்துக்கொள்ளலாம். சாதாரண டயரில் 300, 400 என்று இருக்கும், எஸ்.சி.சி.ஏ. தன் தெருக்கார் பிரிவுக்கு 200க்குக் கீழே அனுமதிப்பதில்லை. ஒவ்வொரு கம்பெனியும் தானே சோதித்துப் போடுகிற எண் இது. ஆகவே ஒரு கம்பெனியின் 300ஐ இன்னொன்றின் 320ஓடு ஒப்பிட்டுச் சண்டை போட வேண்டாம். மண் தரை என்றால் இதெல்லாம் பயனில்லை; அங்கே கட்டை கட்டையான பள்ளமுள்ள ராலி டயர்தான் பிடிக்கும். எந்தத் தரையில் ஓடப்போகிறோம் என்று தெரியாமல் டயர் வாங்காதீர்கள்.

நாங்கள் செய்தது இதுதான். தினசரிக்குக் கம்பெனி கொடுத்த 15 இஞ்ச் ரிம், நல்ல சாதாரண டயர். மைதானத்திற்கு, அதே அளவில், வேறொருவர் கழற்றிப்போட்ட கம்பெனி ரிம் நான்கு. அதில் மென்மையான டயர். பதினேழு இஞ்சைவிடக் கனம் குறைவு. சக்கரத்தின் கனம் குறைந்தால் மேடுபள்ளத்தில் தரையை விடாமல் பிடிக்கும், பிரேக்குக்கும் பாரம் குறையும். கம்பெனியே கொடுக்கிற அளவு என்பதால் இன்ஷூரன்ஸ்காரரிடம் பதில் சொல்லுகிற தலைவலியும் இல்லை. பின்சீட்டை மடித்தால் நான்கும் உள்ளே அடங்கும். மைதானத்தில் மாற்றி, டார்க் ரெஞ்சால் கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்கி, திரும்பும்போது மறுபடி மாற்றிக்கொள்கிறான்.

பழைய டயர் வாங்குகிறவர்கள் பக்கவாட்டில் நான்கு இலக்கத்தைத் தேடுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பள்ளம் ஆழமாகத் தெரியும், ரப்பரோ கட்டையாக இறுகியிருக்கும். சட்டப்படி காருக்குப் பள்ளம் 1.6 மி.மீ. இருந்தால் போதும், மழைக்கு அது போதாது என்பது என் அபிப்பிராயம். இரண்டு டயர்தான் புதிதாக வாங்க முடிகிறதென்றால் புதியதைப் பின்னால் போடுங்கள். முன்சக்கரம் இழுக்கிற வண்டிக்கு எதற்குப் பின்னால் என்று எல்லாரும் கேட்பார்கள். முன்பக்கம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், கால் எடுத்தால் அடங்கும். பின்பக்கம் வழுக்கினால் சுழன்றுவிடும்.

அதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். முன்சக்கர வண்டி சுலபமாகத் திரும்பட்டும் என்று மைதானத்தில் பின் டயரில் காற்றைக் கூட்டி வைப்பது வழக்கம். டயர் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, ஓடிவந்த பிறகு கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்த்து அளவு சொல்வார்கள். அந்த மைதான டயரோடேயே, ஆறு பி.எஸ்.ஐ. கூடுதல் காற்றோடேயே, ஒரு ஞாயிறு மாலை அவசரத்தில் வீட்டுக்குக் கிளம்பிவிட்டோம். வழியில் மழை. பின்சீட்டில் என் மனைவி. ஒரு வளைவில் வால் பக்கம் வெளியே போனது. எதிரே வண்டி இல்லாததால் பிழைத்தோம். வீடு வரும்வரை அவள் பேசவில்லை. மறுநாள் டேஷ்போர்டில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: "காத்து பாத்தியா?" இன்னும் ஒட்டியபடிதான் இருக்கிறது.

பதினேழு இஞ்ச் கேட்ட பையனுக்கு ஒரு வார்த்தை: வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, உன் காரின் ஹப் அளவை எழுதிக்கொண்டு வா. எந்தச் சனிக்கிழமையும் சாயங்காலம் நான் வீட்டில்தான் இருப்பேன். டார்க் ரெஞ்ச் என்னிடம் இருக்கிறது. ஜாக்கி மட்டும் நீ கொண்டு வந்துவிடு, எங்களுடையது கொஞ்சம் மக்கர் பண்ணுகிறது.