சைக்கிளும் பஸ்ஸும் கடலலையும்

அட்சரகணிதம் என்றாலே முகஞ்சுளிக்கும் மாணவர் பலர். சமன்பாடாகக் கொடுத்தால் தீர்த்துவிடுவர். அதையே வசனமாக எழுதிக் கொடுத்தாலோ திகைத்து நிற்பர். தூரம், கதி, நேரம் பற்றிய கணக்குகளில் இத்திகைப்பு மிகுதி. கல்முனைக் கரையோரத்தில் ஆசிரியத் தொழில் புரியும் எனக்கு இது பழகிப்போன காட்சி.

இக்கணக்குகளுக்கு வேண்டிய விதி ஒன்றே. கதியை நேரத்தாற் பெருக்கினால் தூரம் வரும். ஆகவே இடர்ப்பாடு விதியில் இல்லை. யார், எங்கிருந்து, எப்போது புறப்பட்டார் என்பதை வசனத்திலிருந்து பிரித்தறிவதிலேதான் இருக்கிறது.

ஓர் உதாரணம் காண்போம். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றை நோக்கி ஒருவர் மணிக்கு 12 கிலோமீற்றர் கதியிற் சைக்கிளிற் புறப்படுகிறார். அரை மணி கழித்து, அதே இடத்திலிருந்து, மணிக்கு 36 கிலோமீற்றர் கதியில் ஒரு பஸ் புறப்படுகிறது. பஸ் அவரை எப்போது எட்டிப் பிடிக்கும்?

பிடிக்கும் கணத்தில் இரண்டும் கடந்த தூரம் ஒன்றே. அதுவே திறவுகோல். பஸ் ஓடிய நேரம் ‘ய’ மணி என்க. சைக்கிள் ஓடிய நேரம் ‘ய + ½’ மணி. எனவே 36ய = 12(ய + ½). சுருக்கினால் 24ய = 6; ய = ¼. பதினைந்து நிமிடத்தில், 9 கிலோமீற்றர் தூரத்தில், பஸ் அவரைப் பிடித்துவிடும்.

இதை நான் கரும்பலகையில் முடித்த ஒரு நாள், பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “பஸ் சைக்கிளைப் பிடிக்கிறதை அறிஞ்சு நமக்கென்ன பிரயோசனம், சேர்?” என்று கேட்டான். நியாயமான வினாவே. அவனுக்குக் கூறிய விடையை இங்கும் கூறுகிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்றைய நம் நேரப்படி காலை 7 மணிக்கு ஒரு நிமிடம் இருக்கையில், சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியிற் பூமி அதிர்ந்தது. அவ்விடம் இங்கிருந்து ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர். பேரலையின் கதியைக் காண எளிய விதியொன்று உண்டு. கடலின் ஆழத்தை மீற்றரிற் கொண்டு, 10 ஆற் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால், அலை செக்கனுக்கு எத்தனை மீற்றர் செல்லும் என்பது கிடைக்கும். 4,000 மீற்றர் ஆழத்துக்கு விடை 200. அஃதாவது மணிக்கு 720 கிலோமீற்றர். 1,600ஐ 720ஆல் வகுக்க 2 மணி 13 நிமிடம் வரும்.

ஆனால் அலையோ இரண்டு மணி நேரம் நிறையுமுன்பே வந்தது. விதி பிழையா? அன்று, புறப்பட்ட இடத்தையே நாம் பிழையாகக் கொண்டோம். கடற்றரை ஒரு புள்ளியில் மாத்திரம் பிளக்கவில்லை. நிக்கோபார், அந்தமான் தீவுகள்வரை நீண்டு பிளந்தது. அதில் நமக்குக் கிட்டிய பகுதி சுமார் 1,200 கிலோமீற்றர் தூரமே. இப்போது வகுத்துப் பாருங்கள்: 1 மணி 40 நிமிடம்.

அந்த நூறு நிமிடமும் நமக்கு இருந்தது, அறிவிப்பாரில்லை. இந்துசமுத்திரத்துக்கென எச்சரிக்கை அமைப்பு எதுவும் அன்று இல்லை. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு எனக் கரையோரம் முழுவதும் பாழாயிற்று. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

கரையை நெருங்கி, 10 மீற்றர் ஆழத்துக்கு வரும் அலைக்கு அதே விதியைப் பிரயோகித்தால் விடை செக்கனுக்கு 10 மீற்றர்; மணிக்கு 36 கிலோமீற்றர். நம் பஸ்ஸின் கதியே அது! அலையைக் கண்டபின் ஓடுபவர் எத்துணை விரைந்தாலும் பஸ்ஸுக்கு முன் ஓடுபவரே ஆவார். ஆனால் அரை மணி முன்னதாக, மணிக்கு 4 கிலோமீற்றர் கதியில் மெல்ல நடக்கத் தொடங்கிய மூதாட்டியும் 2 கிலோமீற்றர் மேற்கே சென்றிருப்பார். காப்பது கதியன்று, முன்னதாகப் புறப்படுதலே.

இன்று எச்சரிக்கை அமைப்பு உண்டு. 2012 ஏப்ரல் 11ஆந் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பூமி அதிர்ந்தபோது எச்சரிக்கை வந்தது. கரையோர மக்கள் முன்கூட்டியே விலகினர். நல்லவேளையாகப் பேரலை வரவில்லை.

சில நாட்களின்பின் அம்மாணவன் என்னிடம் வந்தான். “சேர், எங்கட வீட்டிலிருந்து பிரதான வீதிக்கு உம்மம்மா நடக்க இருபது நிமிஷம் செல்லுது. அதனால நாங்க முந்தியே வெளிக்கிடணும்” என்றான். அவன் கணக்கைக் கற்றுக்கொண்டான் என்று அன்றே அறிந்தேன். பெற்றோரே, உங்கள் வீட்டிலும் பிள்ளைகளிடம் இக்கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்.